லைட்டை அழித்து 27 கிலோமீட்டர்: ஒரு பழைய கார் விற்பனைத் தகராறு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் சஸ்பென்ஸ் வைக்க ஒன்றுமில்லை. காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடு என்று வாங்கியவர் நின்றார். ஒரு காசு தரமாட்டேன் என்று விற்றவர் நின்றார். கடைசியில் ஒரே ஒரு பழுதுக்கு ஆகும் செலவில் 60 சதவீதத்தை விற்றவர் கொடுத்தார், மற்ற புகார்கள் கைவிடப்பட்டன. இதை எழுதக் காரணம், வாங்கியவர் அடுக்கிய ஏழு புகார்களில் ஆறு வெறும் மனக்குறை, ஒன்றுதான் நிற்கக்கூடிய புகார், அந்த ஒன்றை அவர் பட்டியலின் கடைசியில் ஏதோ போகிற போக்கில் சொல்வதுபோல் போட்டிருந்தார். தனியாள் தனியாளுக்கு விற்ற கார்களில் வரும் சண்டைகளில் இந்தக் குழப்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பழைய கார்களைப் பார்த்து மதிப்பிட்டுச் சொல்வது என் வேலை. இந்த விஷயத்தில் இரண்டு பேரும் சம்மதித்து, என் கட்டணத்தைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு கூப்பிட்டார்கள். அந்த ஏற்பாடு முக்கியம்: ஒருவர் மட்டும் பணம் கொடுத்துக் கூட்டி வரும் ஆள் என்ன சொன்னாலும் எதிர்த்தரப்பு நம்பாது. பெயர்களும் வண்டியின் மாடலும் இங்கே தேவையில்லை. ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் கார், மேனுவல் கியர், ஒரே உரிமையாளர்.

விற்பனை நடந்த விதம்

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஒரே ஓனர். விபத்து இல்லை. எஞ்சின் சூப்பர் கண்டிஷன். நல்ல மைலேஜ். எடுத்ததும் ஓட்டலாம், செலவு இல்லை." இந்த ஐந்து துண்டுகளையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஒரே ஓனர், விபத்து இல்லை என்பவை சரிபார்க்கக்கூடிய தகவல்கள், பொய்யாக இருந்தால் பொய்தான். சூப்பர் கண்டிஷன், நல்ல மைலேஜ் என்பவை விற்கிறவன் வாயில் எப்போதும் வரும் புகழ்ச்சி, அதை வைத்து எந்த நீதிபதியும் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லமாட்டார். "செலவு இல்லை" என்பது நடுவில் நிற்கிறது. விற்றவருக்குத் தெரிந்த செலவு ஒன்று அன்றைக்கே காத்துக்கொண்டிருந்தால் அது தகவலாகிவிடும், தெரியாவிட்டால் அவருடைய அபிப்பிராயம்.

வியாழக்கிழமை வாங்கியவர் சில கேள்விகளை மெசேஜில் அனுப்பியிருக்கிறார். காப்பீடு எப்போது முடிகிறது, கடன் ஏதும் பாக்கி இருக்கிறதா, அப்புறம் "டேஷ்போர்டுல வார்னிங் லைட் ஏதாவது வருமா சார்?" விற்றவரின் பதில்: "ஒன்னும் வராது சார், தாராளமா வந்து பாருங்க." சனிக்கிழமை நண்பர் ஒருவரோடு போய்ப் பார்த்தார், இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்தார், விலையில் கொஞ்சம் குறைத்துப் பேசினார், பணம் கைமாறியது. ஒரு பக்க ரசீதில் ஓடோமீட்டர் எண் 84,212 என்று எழுதி, கீழே "வண்டியை ஓட்டிப் பார்த்து, உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார். ஏழு வருட சர்வீஸ் பில்கள் அடங்கிய ஃபைலையும் விற்றவர் கூடவே கொடுத்தார். ஏமாற்ற நினைக்கிறவர் பொதுவாகச் செய்கிற காரியம் இல்லை இது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓடோமீட்டர் எண்ணை ரசீதில் எழுதியது யாருடைய யோசனை என்று கேட்டேன். வாங்கியவருடைய நண்பர். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்த வழக்கே இல்லை.

ஏழு புகார்கள், அவை வந்த வரிசை

இரண்டு பேரின் மெசேஜ்களையும் தேதிவாரியாகப் படித்தேன். எந்தத் தகராறிலும் காரைத் தொடுவதற்கு முன்னால் இதைத்தான் செய்வேன். முதல் நாள் இரவு: "வண்டி அருமையா ஓடுது சார், ரொம்ப நன்றி." மூன்றாம் நாள் மதியம்: "எங்க சித்தப்பா பார்த்தாரு, விலை ஜாஸ்தின்னு சொல்றாரு." அன்று மாலையே அதே மாடல், அதே வருடம், குறைந்த விலை என்று வேறொரு விளம்பரத்தின் லிங்க். அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம் வருகிறது: கிளட்ச் கடினமாக இருக்கிறது, முன் டயர் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது, இடது பின்கதவு நிறம் மாறியிருக்கிறது, ஏசி போட்டால் வாடை, மைலேஜ் கிடைக்கவில்லை. பதினோராம் நாள் முழுப் பணமும் வேண்டும் என்ற நீண்ட மெசேஜ், அதன் கடைசி வரி: "அப்புறம் மஞ்சள் லைட் ஒன்னும் ரெண்டு நாளா எரியுது."

வாங்கியவர் கதை கட்டுகிறார் என்று நான் சொல்லவில்லை. கிளட்ச் அவருக்கு உண்மையிலேயே கடினமாகத்தான் தெரிந்திருக்கும், ஆனால் சித்தப்பா வந்து பார்க்கும் வரை தெரியவில்லை. பெரிய தொகை கொடுத்து முடித்த பிறகு ஒருவர் "ஏமாந்துட்டியே" என்று சொல்லிவிட்டால் அன்றிலிருந்து காரில் கேட்கும் ஒவ்வொரு சத்தமும் ஆதாரமாகிவிடுகிறது. வருத்தம் முதலில் வரும், பழுது அதைத் தேடிக்கொண்டு பின்னால் வரும். தகராறைப் பிரித்துப் பார்க்க வருகிறவன் அந்த வருத்தத்தைக் கேலி செய்யவும் கூடாது, அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ஆறு புகார்களையும் சுருக்கமாக முடிக்கிறேன். கிளட்ச்: உயர்ந்த கியரில் மெதுவாக ஓடவிட்டு ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினேன். எஞ்சின் சுற்றும் வேகமான ஆர்பிஎம் மட்டும் துள்ளி வண்டி பின்தங்கினால் பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம், இதில் அப்படி எதுவும் இல்லை, 84,000 ஓடிய கிளட்ச் இருக்கிற மாதிரி இருந்தது. டயர்: தேய்மானம் உண்மைதான், வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டியிருக்கிறார்கள், ஆனால் குனிந்து பார்த்தால் தெரிகிற குறை, அவரும் நண்பரும் சேர்ந்து பார்த்த குறை. ஏசி வாடை என்பது கேபின் ஃபில்டர். மைலேஜுக்கு விளம்பரத்தில் எண் எதுவும் இல்லை, அவர் ஓட்டியதும் முழுக்க நெரிசலில். விலை ஜாஸ்தி என்பதற்காக மட்டும் முடிந்த விற்பனையை உடைக்கும் சட்டம் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

கதவு மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது, காரணம் "விபத்து இல்லை" என்ற வரி. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை வைத்துக் கார் முழுக்கச் சுற்றி வந்தேன். மற்ற தகடுகளில் 110 முதல் 130 மைக்ரான், இடது பின்கதவில் 240. அதாவது மேலே இன்னொரு கோட் அடித்திருக்கிறார்கள். நசுங்கி, டிங்கரிங் செய்து, பட்டி போட்டு நிரப்பிய கதவாக இருந்தால் ஆயிரத்தைத் தாண்டி எகிறும். கீல் போல்ட்டுகளில் பெயின்ட் உடையவில்லை, கதவைக் கழற்றவே இல்லை. யாரோ கீறிவிட்டிருக்கிறார்கள், பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இதை விபத்து என்று சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்தேன், வாங்கியவர் முகம் சுருங்கியது.

மஞ்சள் லைட்

இப்போது ஏழாவது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டியதும் வந்த பழுதுக் கோட் பி0420. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் செய்யவேண்டிய அளவு வேலை செய்யவில்லை என்று, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு சொல்கிறது. இந்தக் கோட் வந்ததும் கன்வர்ட்டரை மாற்றிவிடு என்று சொல்கிற மெக்கானிக்குகள் நிறைய. சைலன்சர் பைப்பில் ஒரு சின்ன லீக் இருந்தாலும், பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கெட்டிருந்தாலும் இதே கோட் வரும். அதனால் முதலில் லீக் பார்த்தேன், இல்லை. பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஆர்பிஎம்மை ஒரே நிலையில் பிடித்து, கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களின் அளவையும் ஸ்கேனர் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடவிட்டேன். இந்தக் காரில் முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் வேகமாக ஏறி இறங்கும், அது இயல்பு. கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சாரின் கோடு 0.6, 0.7 பக்கம் கிட்டத்தட்ட நேராகப் போகும். இங்கே பின்கோடும் முன்கோட்டைப் போலவே ஆடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான். புகை உள்ளே நுழைந்தபடியே வெளியே வருகிறது. சென்சார் ஆடுவதால் சென்சார் உயிரோடு இருக்கிறது, கன்வர்ட்டர்தான் போய்விட்டது.

எஞ்சினில் வேறு கோளாறு இல்லாதபோது கன்வர்ட்டர் இரண்டு வாரத்தில் சாகிற பொருள் இல்லை. அதனால் "விற்ற அன்று இந்தக் கோளாறு இருந்ததா?" என்ற முதல் கேள்விக்குப் பதில் ஆம். ஆனால் தனியாள் விற்பனையில் அது மட்டும் போதாது. அவருக்குத் தெரியுமா என்பதுதான் கனமான கேள்வி, பெரும்பாலான வழக்குகள் செத்துப்போவதும் அங்கேதான், ஒருவர் மனதில் இருந்ததை எதைக் கொண்டு காட்டுவது?

இங்கே கார் காட்டியது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் கட்டாயமான ஓபிடி என்ற சுயபரிசோதனை அமைப்பில், இப்போதைய பெரும்பாலான கார்களில் கோட்களைத் தவிர வேறு சில எண்களும் சேமிக்கப்படுகின்றன. கடைசியாகக் கோட்களை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது ஒன்று. லைட் எரிந்தபடியே எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது இன்னொன்று. மலிவான ப்ளூடூத் ஸ்கேனரில்கூடத் தெரியும், யாரும் பார்ப்பதில்லை.

நான் பார்த்த அன்று ஓடோமீட்டர் 84,853. ரசீதில் இருந்தது 84,212. அதாவது வாங்கிய பிறகு 641 கிலோமீட்டர். லைட் எரிந்து ஓடியது 212, ஆக வாங்கி 429 கிலோமீட்டர் ஆன பிறகு லைட் வந்திருக்கிறது. அது அவர் முதல்முறை நெடுஞ்சாலையில் போன நாளோடு பொருந்தியது. கன்வர்ட்டர் சோதனையை ஈசியு எந்நேரமும் நடத்தாது, எஞ்சின் சூடாகி ஒரே வேகத்தில் சிறிது நேரம் ஓடினால்தான் நடத்தும், பெரும்பாலான கார்களில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தோற்றால்தான் லைட்டைப் போடும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் பல நாள் பேசாமல் இருக்கும்.

அழித்த பிறகு ஓடிய தூரம்: 668.

641ஐக் கழித்தால் 27. சனிக்கிழமை பணம் கைமாறுவதற்கு 27 கிலோமீட்டர் முன்பு யாரோ இந்தக் காரின் நினைவிலிருந்து கோட்களை அழித்திருக்கிறார்கள், டெஸ்ட் டிரைவ் ஓடிய தூரமும் அந்த 27க்குள் அடக்கம்.

விற்றவரிடம் இதைச் சொன்னபோது முதலில் வந்த பதில்: "பேட்டரி மாத்தினேன் சார், அதனால இருக்கும்." நியாயமான பதில்தான். பேட்டரி வயரைக் கழற்றினாலும் பல கார்களில் இந்த எண்கள் பூஜ்யமாகிவிடும், ஆகவே இந்த எண்ணை மட்டும் காட்டி ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் பேட்டரி பில் அவர் கொடுத்த ஃபைலிலேயே இருந்தது, எட்டு மாதப் பழையது. பில்லைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை காலையில லைட் வந்துச்சு சார். மெக்கானிக்கிட்ட போனேன். சென்சார் ஏதோ தப்பா காட்டுது, அழிச்சு விட்டுட்டேன், ஓட்டிப் பாருங்கன்னார். மறுபடி வரலை. அதான் சொல்லணும்னு தோணலை."

"வியாழக்கிழமை அவர் உங்ககிட்ட இதையேதானே கேட்டிருந்தார்?"

"அன்னைக்கு வரலையே சார். அன்னைக்கு நான் சொன்னது உண்மைதானே?"

நான் அவரை நம்பினேன், ஏறக்குறைய. ஃபைலில் ஐந்து மாதத்துக்கு முந்தைய இன்னொரு பில்லும் இருந்தது: இக்னிஷன் காயில் ஒன்று, ஸ்பார்க் பிளக் ஒரு செட். அப்போது லைட் மின்னிக்கொண்டே இருந்தது, இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன் என்று அவரே சொன்னார். எரிந்துகொண்டிருக்கும் லைட் வேறு, மின்னும் லைட் வேறு. மின்னினால் ஒரு சிலிண்டர் பற்றவில்லை, எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து உள்ளேயிருக்கும் தேன்கூட்டு அமைப்பை உருக்குகிறது என்று அர்த்தம், ஓரமாக நிறுத்தச் சொல்கிற எச்சரிக்கை அது. கன்வர்ட்டர் எங்கே அடிபட்டது என்பது புரிந்துவிட்டது. ஐந்து மாதத்தில் லைட் அந்த வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் வந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் அதைக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை, அதனால் அவர் சொன்னதையே வைத்துக்கொண்டு மேலே போனேன். அவர் சொன்ன கதையிலேயே அவர் மாட்டிக்கொள்கிறார்.

சட்டம் எங்கே நிற்கிறது

வாங்கியவர் என்னிடம் முதலில் கேட்டது: "பதினாலு நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்னு சட்டம் இருக்காமே?" இந்த நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஐரோப்பாவில் 14 நாள் விலகல் உரிமை என்று ஒன்று உண்டு, அது ஆன்லைனிலோ கடைக்கு வெளியிலோ ஒரு வியாபாரியிடம் வாங்கும் நுகர்வோருக்கு, ஒரு தனியாளிடம் வாங்கும் இன்னொரு தனியாளுக்கு இல்லை. அமெரிக்காவில் மூன்று நாள் என்று சொல்வார்கள். பழைய கார் விற்கும் டீலருக்குக்கூட அப்படி ஒரு கட்டாயத்தை அங்கே மத்தியச் சட்டம் விதிக்கவில்லை. மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமை, விற்றவர் தானாக எழுதிக் கொடுத்தாலொழிய, கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தரம் பற்றிய உத்தரவாதம்? 1893இல் வந்த ஆங்கிலேயச் சரக்கு விற்பனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1979 சட்டமும், அந்த 1893 சட்டத்தின் வழிவந்த இந்தியாவின் 1930 சட்டம் போன்றவையும், பொருள் தரமாக இருக்கும் என்ற சொல்லப்படாத உத்தரவாதத்தை அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் மேல்தான் சுமத்துகின்றன. தன் சொந்தக் காரை விற்கும் ஆள் மேல் அது ஏறாது. பிரான்ஸ் இதில் வேறு மாதிரி: அங்கே சிவில் சட்டத்தின் 1641ஆம் பிரிவு மறைந்த குறைக்குத் தனியாளையும் பொறுப்பாக்குகிறது, குறை தெரியவந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், விற்பவர் ஒப்பந்தத்தில் எழுதித் தப்பிக்கலாம், ஆனால் குறை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வேண்டும். ஜெர்மன் சிவில் சட்டத்தின் 444ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: வேண்டுமென்றே மறைத்தவர் "உள்ளது உள்ளபடி" என்ற வரிக்குப் பின்னால் ஒளிய முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாதுகாப்பையோ பயன்பாட்டையோ பெரிதாகப் பாதிக்கும் குறை தெரிந்திருந்தும் சொல்லாமல் விற்றார் என்று காட்டினால், தனியாளிடம் வாங்கியதையும் 30 நாளைக்குள் ரத்து செய்யலாம்.

ஆக, பெரும்பாலான ஊர்ச் சட்டங்களில் தனியாள் விற்பனையில் கேள்வி இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கிறது: என்ன தெரியும், என்ன சொன்னார். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுமார் பத்து வருட இடைவெளியில் கொடுத்த மூன்று கார்த் தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். 1957இல் அச்சில் வந்த தீர்ப்பில், ஒரு தனியாள் தன் மோரிஸ் காரை 1948 மாடல் என்று சொல்லி டீலரிடம் கொடுத்தார், பதிவுப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது, உண்மையில் அது 1939 மாடல், புத்தகத்தை முன்பே யாரோ திருத்தியிருக்கிறார்கள். அவருக்குத் தெரிய வழியில்லை, டீலருக்குத்தான் கண்டுபிடிக்க வசதி இருந்தது என்று சொல்லி நீதிமன்றம் அவரை விட்டுவிட்டது. 1965இல் வந்த தீர்ப்பில், ஒரு டீலர் எஞ்சின் மாற்றிய பிறகு 20,000 மைல்தான் ஓடியது என்று சொல்லி பென்ட்லி ஒன்றை விற்றார், தவறு என்று தெரிந்தது, அவர் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று பொறுப்பாக்கியது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 1967இல் வந்த அந்தத் தீர்ப்பில் தனியாள் ஒருவர் "ஹெரால்ட், கன்வெர்ட்டிபிள், வெள்ளை, 1961" என்று விளம்பரம் செய்த டிரையம்ப் கார், பின்பாதி ஒரு கார், முன்பாதி அதைவிடப் பழைய வேறு கார், நடுவில் வெல்டிங். விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவரும் பார்த்துத்தான் வாங்கினார். ஆனாலும் விற்றவர் தோற்றார். தரத்துக்கு அவர் பொறுப்பில்லை என்றாலும் 1961 மாடல் ஹெரால்ட் என்று வர்ணித்து விற்றால் அந்த வர்ணனையோடு பொருள் பொருந்தியாக வேண்டும், தனியாளானாலும்.

நம் வழக்கில் வர்ணனை பிசகவில்லை. பிசகியது வியாழக்கிழமைப் பதில், "அன்னைக்கு உண்மைதானே" என்ற விற்றவரின் வாதத்தில்தான் எல்லாம் தொங்குகிறது. அதற்கும் பழைய தீர்ப்பு இருக்கிறது, காருக்குச் சம்பந்தமே இல்லாதது. ஒரு டாக்டர் தன் மருத்துவத் தொழிலை விற்கப் பேச ஆரம்பித்தார், 1934 ஜனவரியில் வருமானம் இவ்வளவு என்று சொன்னார், அப்போது உண்மை. மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய் நோயாளிகள் வருவது குறைந்து வருமானம் ஏறக்குறைய அற்றுவிட்டது, வாங்கியவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. 1936இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. சொன்ன நாளில் உண்மையாக இருந்தாலும், கையெழுத்துப் போடுவதற்குள் அது பொய்யாகிவிட்டது என்று தெரிந்தால் போய்ச் சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமை "வராது" என்றவர், வெள்ளிக்கிழமை வந்ததை சனிக்கிழமை சொல்லியிருக்க வேண்டும். கன்வர்ட்டர் செத்தது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், லைட் வந்தது தெரியும், அதைத்தான் கேட்டிருந்தார்கள்.

ஒன்று கவனியுங்கள்: வாங்கியவர் அந்த மெசேஜை அனுப்பாமல் இருந்திருந்தால் விற்றவர் வாயைத் திறக்காமல் இருந்தது பெரும்பாலான இடங்களில் குற்றமே இல்லை. வெறும் மௌனத்துக்குச் சட்டம் பொதுவாகத் தண்டிப்பதில்லை. கேட்டதற்குச் சொன்ன பதிலைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ஏன் முழுப் பணம் இல்லை

இங்கேதான் வாங்கியவருக்கு என் மேல் கோபம். பொய் சொன்னார் என்று நீங்களே எழுதுகிறீர்கள், பிறகு ஏன் திருப்பித் தரக்கூடாது என்றார். விற்பனையை உடைக்க விரும்புகிறவர் கோளாறு தெரிந்த நிமிடத்திலிருந்து அது தன் கார் இல்லை என்பதுபோல் நடந்துகொள்ள வேண்டும். இவர் லைட் வந்த பிறகு 212 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார், அதில் பாதிக்கு மேல் பணம் கேட்டு மெசேஜ் அனுப்பிய பிறகு. போதாக்குறைக்கு அந்த வாரமே புது மியூசிக் சிஸ்டம் மாட்டி, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டார், சீட் கவர் மாற்றினார். வழக்கு என்று போனால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்: வண்டியை ஏற்றுக்கொண்டுவிட்டார், இப்போது மாட்டேன் என்கிறார். நஷ்டஈடு கேட்கும் உரிமை இருக்கும், ரத்து செய்யும் உரிமை கைநழுவியிருக்கும்.

அந்த 212ஐ விற்றவர் வேறு விதமாகப் பிடித்துக்கொண்டார்: லைட் எரிய எரிய ஓட்டித்தான் கன்வர்ட்டரைக் கெடுத்துவிட்டார் என்றார். அது நிற்காது. மின்னும் லைட் இல்லை, சிலிண்டர் பற்றவில்லை என்று சொல்லும் மிஸ்ஃபயர் கோட் ஒன்றும் இல்லை, வந்த ஒரே கோட் கன்வர்ட்டர் ஏற்கெனவே போய்விட்டது என்பதுதான்.

வாங்கியவர் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும், அவருக்கே தெரியாமல் செய்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் உடனே கன்வர்ட்டரை மாற்றிவிடலாம் என்று சொன்னபோது பணம் இல்லாததால் மாற்றவில்லை. மாற்றி, கோட்டை அழித்திருந்தால் 668 என்ற எண்ணும் போயிருக்கும், பழைய கன்வர்ட்டரும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும், அப்புறம் நான் எதைப் பார்த்து எழுதுவது? இதற்கு நேர் எதிராக, விற்றவரின் படத்தையும் போன் எண்ணையும் நெட்டில் போட்டுவிடுவேன் என்று அனுப்பிய மெசேஜ் அவரையே சட்டச் சிக்கலில் இழுத்துவிடக்கூடியது. அதை அழிக்கச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், கேட்டார்.

பேசி முடித்தது

இரண்டு ஒர்க்‌ஷாப்களில் எழுத்தில் மதிப்பீடு வாங்கினோம்: கன்வர்ட்டர், கேஸ்கெட், கூலி. ஏழு வருடம் ஓடிய பொருளுக்குப் பதில் புதுப் பொருள் வரும்போது முழுச் செலவையும் விற்றவர் தலையில் கட்டுவது சரியில்லை, வாங்கியவருக்கு அதில் கூடுதல் ஆயுள் கிடைக்கிறது. நான் மூன்றில் இரண்டு பங்கு என்றேன், விற்றவர் பாதி என்றார், 60க்கு வந்து நின்றது. என்னைக் கேட்டால் கொஞ்சம் குறைவு, ஆனால் வழக்கறிஞருக்கும் அலைச்சலுக்கும் போகும் பணத்தைப் பார்த்தால் வாங்கியவர் ஒத்துக்கொண்டதில் தப்பில்லை.

உண்மையான இழுபறி தொகையில் வரவில்லை, எழுதிக்கொள்ளும் காகிதத்தில் வந்தது. "இந்த விற்பனை தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று விற்றவர் எழுதிக்கொண்டு வந்தார். வாங்கியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார், நாளைக்கு இன்னொன்று வெளியே வந்தால்? அவர் தயங்கியது நியாயம். விற்றவர் பயந்ததும் நியாயம்தான், மாதத்துக்கு ஒரு புகாராக வந்துகொண்டே இருந்தால் அவர் என்ன செய்வார்? ஒரு மணி நேரம் பேசி இப்படி எழுதினோம்: வண்டியின் இயந்திரம், தோற்றம், தேய்மானம் பற்றி இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. ஆனால் வண்டியின் உரிமையில் குறை, மேலே பாக்கியிருக்கும் கடன், திருத்தப்பட்ட ஓடோமீட்டர், மறைக்கப்பட்ட பெரிய விபத்து ஆகிய நான்கில் ஏதாவது தெரியவந்தால் இந்தக் காகிதம் தடையாகாது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பணம் இரண்டு தவணை. பாதி, புதுக் கன்வர்ட்டர் மாட்டிய அன்று. மீதி, கோட்களை அழித்துவிட்டு ஓட்டி, ஈசியு தன் கன்வர்ட்டர் சோதனையை முடித்துவிட்டதாக ஸ்கேனரில் காட்டிய பிறகு. வாங்கியவர் நெடுஞ்சாலையில் ஒரு நாள் போய்வந்ததும் சோதனை முடிந்தது, பின் சென்சார் 0.65இல் நின்றது, அதைப் படம் எடுத்து அனுப்பினார், அன்று மாலையே மீதிப் பணம் வந்துவிட்டது. டயர் இரண்டையும் அவர் செலவிலேயே மாற்றிக்கொண்டார்.